பூசணிக்கு ஒரு இடம்

பாரிஸ்
நவம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. சின்னவள் கையெழுத்து நன்றாகத் தேறியிருக்கிறது என்று சொல். நான் சௌக்கியம். குளிர் ஆரம்பித்துவிட்டது. ஹீட்டரை அதிகம் போடுவதில்லை, அந்தக் காற்று தொண்டைக்கு ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தோட்டத்திலேயே போய்விடுகிறது, அதனால் பொழுது போகவில்லை என்ற பேச்சே இல்லை.

நாங்கள் பலர் சேர்ந்து பயிரிடுகிற தோட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த வருடம் நல்ல விளைச்சல், வைக்கத்தான் இடமில்லை. நம்மூர் பாகூரில் இன்று பறித்தால் நாளை சந்தைக்குப் போய்விடும். இங்கே உறைபனி விழுவதற்குள் எல்லாவற்றையும் எடுத்து, குளிர்காலம் முழுக்கப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். குளிர் அறை வாடகை எங்கள் பொதுப்பணத்துக்கு எட்டவில்லை. அதோடு எல்லாக் காய்க்கும் ஒரே குளிர் ஆகாது. கேரட்டுக்கும் முட்டைகோசுக்கும் 0 டிகிரியை ஒட்டிய ஈரக் குளிர் வேண்டும். வெங்காயத்துக்கு ஈரம் கூடாது. பூசணியோ 10 டிகிரிக்குக் கீழே போனால் சீக்கிரம் அழுகிவிடும்.

கீழ்வீட்டுப் பெரியவர், யாரோடும் பேசாதவர், அவர்தான் தன் நிலவறையைத் திறந்துவிட்டார். பழைய கல் சுவர், கோடையிலும் சில்லென்று இருக்கும். அங்கே மரத் தட்டுகளில் ஆப்பிள் பரப்பி வைத்திருக்கிறார், ஒன்றை ஒன்று தொடக்கூடாது. தினமும் சாயங்காலம் இறங்கிப்போய் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்க்கிறார். கேரட்டை அங்கே ஈர மணலில் புதைத்தோம். ஆப்பிளிலிருந்து வருகிற எத்திலீன் வாயு பட்டால் கேரட் கசந்துவிடும், அதை எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் பார்த்தால் அவரே ஆப்பிளையெல்லாம் அடுத்த அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்தியிருந்தார்!

பூசணியெல்லாம் என் அறையில்தான். கட்டிலுக்கடியில், அலமாரி மேல், சுவரோரம். ஹீட்டர் அதிகம் போடாத அறை அவற்றுக்கு ரொம்பச் சரி. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் யாரோ காத்திருப்பது போல இருக்கிறது.

முட்டைகோசுக்கு லா ஷாப்பெல்லில் கடை வைத்திருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணன் தன் குளிர் அறையில் ஓர் அடுக்கு கொடுத்தார். "காசு வேண்டாம், வையுங்கோ தங்கச்சி" என்றார். போன வாரம் நான் போனபோது வாழை இலைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மணம் வந்ததும் பெட்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அம்மா, ஏரி நிரம்பிவிட்டதா? யாரும் எழுதவில்லையே. பின்வாசல் வாழை குலை தள்ளியதா? உன் கையால் ஒரு வாய் சோறு தின்றால் போதும் என்றிருக்கிறது.

சரி, தம்பி விஷயம். கீழக்கொல்லையை அடமானம் வைத்துக் கோல்டு ஸ்டோரேஜ் கட்டும் அவன் யோசனை வேண்டவே வேண்டாம். பெரிய மார்க்கெட்டில் மீந்த கத்தரியையும் வெண்டையையும் சாயங்காலம் வந்த விலைக்குத் தள்ள வேண்டியிருக்கிறதே என்ற அவன் வருத்தம் நியாயம்தான். ஆனால் அதிகம் குளிர்ந்தால் கத்தரி தோலில் குழி விழும், விதை கறுத்துவிடும். அவனுக்கு வேண்டியது இரண்டு மூன்று நாள் காய் தாங்க ஓர் இடம். டில்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் உருவாக்கிய செங்கல் தொட்டி போதும். இரட்டைச் சுவர், நடுவே 7.5 செ.மீ. இடைவெளி, அதில் ஆற்று மணல், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும், மேலே கீற்று நிழல். அந்த ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும். நம் கடற்காற்றில் ஈரம் அதிகம், டில்லி அளவுக்குக் குளிராது, மழைக்காலத்தில் பெரிய பலன் இருக்காது. ஆனால் பங்குனி சித்திரையில் காய் வாடாமல் நிற்கும். மின்சாரம் வேண்டாம், கடனும் வேண்டாம். மாட்டுக்கொட்டகைக்கு வடக்கே கட்டச் சொல். இடித்த கிணற்றுச் சுவரின் செங்கல் கிடக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளட்டும்.

அப்பாவின் கண் புரையைத் தள்ளிப்போடாதே. சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு ஜிப்மருக்குப் போகட்டும். பணம் இந்த முறை தை மாதம் அனுப்புகிறேன், அதுவரை சீட்டுப் பணத்தில் சமாளித்துக்கொள். பத்திரப் பெட்டிச் சாவி உன்னிடமே இருக்கட்டும். தம்பி கேட்டாலும் கையெழுத்துப் போடாதே, முதலில் என்னிடம் பேசச் சொல்.

அன்புடன்,
உன் மகள்