அது கொழுப்பு இல்லை, தோல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உடல்நலப் பகுதியில், எடை குறைத்தவர்களுக்குத் தொங்கும் தோலை இறுக்கும் பத்துப் பயிற்சிகள் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. விடாமல் செய்தால் நாற்பதே நாளில் வயிற்றுத் தோல் ஒட்டிவிடும் என்று அதில் எழுதியிருந்தார்கள். அதே பேச்சை நம்பி உடம்பைக் கெடுத்துக்கொண்டவன் நான். இன்னொருவருக்கு அது நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 44. அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். 127 கிலோ இருந்தேன். சர்க்கரை வந்து டாக்டர் கண்டித்த பிறகு, சாப்பாட்டை மாற்றி, விடிவதற்கு முன்பே எழுந்து நடந்து, இருபது மாதத்தில் 78 கிலோவுக்கு வந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். சட்டைக்குள் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. அடிவயிற்றுத் தோல் மடிந்து இடுப்புக்குக் கீழே தொங்கியது. மார்பும் மேல்கையும் அப்படியே.

அந்த வருஷம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போனோம். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 127 கிலோவில் கூசாமல் கழற்றியவன், அன்று "நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்பைப் பார்த்துக்கிடுதேன்" என்று வெளியே நின்றுவிட்டேன். வீட்டம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பன்னீர் இலையில் மடித்துக் கொண்டுவந்த விபூதியை அவளே என் நெற்றியில் பூசிவிட்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் ஜிம்மில் சேர்ந்தேன். அங்கிருந்த மாஸ்டர், "இன்னும் கொழுப்பு இருக்குண்ணே, ஏழெட்டு கிலோ இறக்குனா ஒட்டிரும்" என்றார். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். படுத்து எழும் பயிற்சி தினமும் இருநூறு. 71 கிலோவுக்கு வந்தபோது தோல் முன்னைவிட அதிகமாகத் தொங்கியது. ஒரு மத்தியானம் மண்டியில் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே மயங்கி விழுந்தேன்.

தூக்கிக்கொண்டு போன இடத்தில் ஒரு பெரியவர் டாக்டர். வயிற்று மடிப்பை இரண்டு விரலால் பிடித்து, என் கையையே அதில் வைத்துக் காட்டினார். "கொழுப்புன்னா தடிமனா கையில நிக்கும். இது பாருங்க, துணி மாதிரி வருது. தோலை எப்படிய்யா பட்டினி போட்டு இறக்குவீங்க?"

தோலுக்குள் கொலாஜன், எலாஸ்டின் என்று நார்கள் இருக்கின்றன. இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்ப வைப்பவை அவைதான். வருஷக்கணக்கில் இழுபட்டே கிடந்தால் அவை நைந்துவிடுகின்றன. வயது குறைவாக இருந்து, கொஞ்ச காலமே பருமனாக இருந்து, இறக்கிய எடையும் குறைவு என்றால் ஒன்றிரண்டு வருஷத்தில் தோல் தானாக ஓரளவு சுருங்கும். புகைபிடிப்பவர்களுக்கும் வெயிலில் அதிகம் கிடந்தவர்களுக்கும் அதுவும் கஷ்டம். என்னைப்போல் இருபது வருஷம் பருமனாக இருந்து 49 கிலோ இறக்கியவருக்கு எந்தப் பயிற்சியாலும் அந்த மடிப்பு போகாது. வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் அடியில் உள்ள தசைதான் வலுக்கும், மேலே கிடக்கும் தோல் அங்கேயே கிடக்கும்.

அப்படியானால் பயிற்சி வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். எடையை வேகமாக இறக்கும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து போய்விடுகிறது. வெறும் பையாகத் தோல் தொங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். தசையை வளர்த்தால் அந்தப் பை கொஞ்சம் நிறையும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நான் மூன்று நாள் தண்டால், பஸ்கி, டம்பல் என்று பதினான்கு மாதமாகச் செய்கிறேன். முட்டை, மீன், சுண்டல் தவறுவதில்லை. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டிவிடாதீர்கள்.) இப்போது 76 கிலோ. தோளும் தொடையும் நிறைந்திருக்கின்றன, மேல்கையில் தொங்கல் பாதியாகிவிட்டது. அடிவயிற்றில் மட்டும் ஏறக்குறைய ஒரு மாற்றமும் இல்லை. நாற்பது நாள் கணக்கை நம்பியிருந்தால் இதையும் எப்போதோ விட்டிருப்பேன்.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் ஒன்று உண்டு. சித்திரை வெயிலில் அந்த மடிப்புக்குள் வியர்வை தேங்கி, தோலோடு தோல் உரசிப் புண்ணாகும். பிறகு படை வரும், நாற்றம் வரும். வெட்கப்பட்டு நான் மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன். முதலில் அடங்கி, பிறகு இரண்டு மடங்காகப் பரவியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, பூஞ்சையை வளர்த்துவிட்டு தோலையும் மெலிய வைக்கும் என்று தோல் டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. இப்போது குளித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் மடிப்பைத் தூக்கி ஈரம் போக ஒற்றி எடுக்கிறேன். நடக்கப் போகும்போது இறுக்கமான பனியன் போட்டுக்கொள்கிறேன், தோல் ஆடி உரசாமல் இருக்கிறது.

மடிப்பை முழுக்க நீக்க அறுவை சிகிச்சைதான் வழி. எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும் என்கிறார்கள். இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தழும்பு இருக்கும். செலவுதான் மலைப்பாக இருக்கிறது. பருமனுக்கான அறுவை சிகிச்சையைச் சில நிபந்தனைகளோடு மருத்துவக் காப்பீடு ஏற்கிறது. தோல் நீக்குவதென்றால் அழகுக்காகச் செய்வது என்று தள்ளிவிடுகிறார்கள். ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த பொது வாசகத்திலேயே, உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கச் செய்யும் சிகிச்சை என்று டாக்டர் சான்று கொடுத்தால், அழகுக்காகச் செய்வது என்ற மறுப்பு அதற்குப் பொருந்தாது. ஆறாத புண்ணோடு அலைகிறவர்கள் இந்த வரியைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஒரு தோல் மருத்துவரையும் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனையும் கேட்டு, இதைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். அந்தப் பத்துப் பயிற்சிக்கும் படம் கொடுத்த பெண்ணின் உடம்பில் தொங்கும் தோல் ஓர் இடத்தில்கூட இல்லை. இந்த முறை எங்களைப் போன்ற உடம்பின் படத்தைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், என்னுடையதை எடுத்து அனுப்புகிறேன். முகம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை