பெட்டி இல்லாத ஸ்பீக்கர்: பலகையை அறுக்கும் முன் ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்துகொள்வது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த குறிப்பைப் படித்தேன். பெட்டியின் கொள்ளளவு, காற்றுத் துளையின் நீளம், உள்ளே அடைக்க வேண்டிய பஞ்சு ஆகியவற்றைத் தெளிவாகச் சொன்ன அக்குறிப்பு, பெட்டியே இல்லாமல் வெறும் பலகையில் வூஃபரை (தாழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கரை)ப் பொருத்தி முன்னும் பின்னும் ஒலிக்கவிடும் ஓபன் பேஃபிள் முறையைத் தொடவே இல்லை. நம் ஊர் அறைகளுக்குப் பல நேரங்களில் அதுவே பொருத்தமானது என்பதால் இதை எழுதுகிறேன்.

நம் வீடுகளில் 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட அறை மிகச் சாதாரணம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை ஆகிய மூன்றுமே தாழ்ந்த ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புபவை. 10 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கிடையே சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி தங்கி அதிரும். அகலமும் உயரமும் ஒரே அளவாக இருந்தால் இரண்டு அதிர்வுகளும் அதே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடி ஒவ்வொன்றும் அடுத்த அடி வரை இழுபட்டுக் குழம்புவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஆனால் பழி ஆம்ப்ளிஃபையர் மீது விழுகிறது.

திறந்த பலகையில் வூஃபர் கூம்பின் முன்புற அலையும் பின்புற அலையும் ஒன்றுக்கொன்று நேரெதிரானவை. பலகையின் பக்கவாட்டிலும் மேலும் கீழும் அவை சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், ஒலி எட்டு என்ற எண்ணின் வடிவில் முன்னும் பின்னுமாகவே பரவுகிறது. டைபோல் என்பது இதைத்தான். அறையின் நீளவாக்கில் நேராக வைத்தால் அகலத்தின் அதிர்வும் உயரத்தின் அதிர்வும் அதிகம் தூண்டப்படுவதில்லை. கேட்பவருக்கு நேராக வரும் ஒலி அதே அளவில் இருக்க, அறைக்குள் கொட்டப்படும் மொத்த ஒலி ஆற்றல் எல்லாத் திசையிலும் பரப்பும் ஸ்பீக்கரில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்காக, அதாவது ஏறத்தாழ 4.8 டெசிபல் குறைவாக இருக்கும்.

இந்த நன்மைக்கு விலை உண்டு. அதைக் கணக்கிடாமல் மரம் வாங்குபவர்கள்தான் பிறகு ‘பேஸே இல்லை’ என்று பலகையை மொட்டை மாடி அறைக்கு அனுப்புகிறார்கள். இரண்டு அடி அகலப் பலகையின் நடுவில் வூஃபரை வைத்தால், பின்புற அலை விளிம்பைச் சுற்றி முன்னே வர ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கடக்க வேண்டும். அந்தத் தூரத்துக்குச் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இழப்பு தொடங்கிவிடும்: 100 ஹெர்ட்ஸில் 6 டெசிபல், 50 ஹெர்ட்ஸில் 12 டெசிபல். அந்த 12 டெசிபலை ஈடுகட்டக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும்; ஆம்ப்ளிஃபையர் 16 மடங்கு திறன் தர வேண்டும். எனவே எட்டு அங்குல வூஃபர் ஒன்றை வைத்துக்கொண்டு இம்முறையில் ஆழமான பேஸ் எதிர்பார்ப்பது வீண். பக்கத்துக்கு ஒரு 15 அங்குலம், அல்லது இரண்டு 12 அங்குலம் என்பதே நான் சொல்லக்கூடிய குறைந்தபட்சம்.

இந்தக் கணக்குகளைச் சாதாரண மனிதரும் பயன்படுத்தும்படி பொதுவில் விளக்கி வைத்தவர்களில் முதன்மையானவர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ். ஜெர்மனியில் பிறந்து, கலிபோர்னியாவில் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தில் அளவீட்டுக் கருவிகளை வடிவமைத்த அவர், 2018இல் மறையும் வரை டைபோல் ஸ்பீக்கர்களைச் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார். தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து வெவ்வேறு ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும், ஸ்பீக்கர் கட்டுவோர் அனைவரும் அறிந்த லிங்க்விட்ஸ்–ரைலி க்ராஸ்ஓவரில் உள்ள முதற்பெயர் அவருடையதே. அவரது எல்எக்ஸ்521 வடிவமைப்பில் பலகை மேலே போகப் போகக் குறுகுவதைக் காணலாம். ஒலியின் அலைநீளம் குறையும்போது பலகையின் அகலமும் குறைந்தால்தான் எட்டு வடிவம் கெடாமல் நிற்கும் என்பதே அதன் காரணம்.

வூஃபர் தேர்வில் ஒரு செய்தி பலருக்கும் வியப்பளிக்கும். பெரிய காந்தம் என்றால் நல்ல வூஃபர் என்று சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் எடை பார்த்து வாங்கும் பழக்கம் இங்கே உதவாது. விவரத் தாளில் க்யூடிஎஸ் (Qts) என்று ஓர் எண் இருக்கும்; கூம்பு தன் இயல்பான அதிர்வில் எவ்வளவு கட்டுப்பாடின்றி ஆடும் என்பதைக் காட்டுவது அது. காற்றுத் துளைப் பெட்டிக்கென்று செய்யப்பட்ட வூஃபர்களில் அது 0.3, 0.4 என்றிருக்கும், திறந்த பலகைக்கு 0.7 அல்லது அதற்குச் சற்று மேல் இருப்பதே நல்லது. சிறிய காந்தம் கொண்ட, விலை குறைந்த வூஃபர்களில் அந்த எண் பெரும்பாலும் உயர்ந்திருப்பதால், பெட்டியில் தொளதொளவென்று ஒலிப்பது பலகையில் நன்றாகவே அமைந்துவிடுகிறது.

மர வேலை எளிது. எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் ஒன்று, 18 மில்லிமீட்டர் கனத்தில், இரண்டு பலகைகளுக்கும், அவற்றின் ஓரங்களில் பின்னோக்கிப் பொருத்தும் பக்கச் சிறகுகளுக்கும் போதும். ஆசாரியிடம் இரண்டு விஷயங்களை வற்புறுத்திச் சொல்லுங்கள். நடுஒலி ஸ்பீக்கருக்கான துளையின் பின் விளிம்பை 45 பாகையில் சரித்துச் சீவ வேண்டும். இல்லையெனில் 18 மில்லிமீட்டர் கனமே குழாய்போல் நின்று பின்புற அலையை நெரிக்கும். துளையைப் பலகையின் சரிபாதியில் போடக் கூடாது. விளிம்புகள் வெவ்வேறு தூரத்தில் இருந்தால் 1,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலியின் அளவில் விழும் பள்ளம் ஆழம் குறையும். வட்டப் பலகை அழகாக இருந்தாலும் இந்த வகையில் மிக மோசமானது.

பின்சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க இடமில்லாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அவர்களுக்கு மூடிய பெட்டியே சரி. இடம் இருப்பவர்கள், முதலில் மொட்டை மாடியில் வைத்து 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, முன்னிருந்து பக்கவாட்டுக்கு மெதுவாக நடந்து பாருங்கள். பலகையின் விளிம்புக்கு நேரே வரும்போது ஒலி சட்டென்று மெலிய வேண்டும். மெலியவில்லை என்றால் முன்னும் பின்னும் சமமாக ஒலிக்கவில்லை என்று பொருள்; வூஃபரின் பின்புறத்தை எது அடைக்கிறது என்று அங்கேயே பார்த்துச் சரிசெய்துவிடலாம்.

இனி ஸ்பீக்கர் செய்முறை எதையும் தாங்கள் வெளியிடும்போது, அறையின் அளவையும் சுவரிலிருந்து விட வேண்டிய தூரத்தையும் வூஃபரின் க்யூடிஎஸ் எண்ணையும் சேர்த்தே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.