நிரலையும் திறந்து பாருங்கள்: பட்ட நிறைவு விதிகளை வகுக்கும் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். அறிவியலும் கணினியியலும் இணைந்த முனைவர் படிப்பின் நிறைவு விதிகளை நீங்கள் திருத்தப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டு இதை எழுதுகிறேன். அந்தப் படிப்பை முடித்து வெளியே வந்தவன் நான். எத்தனை கிரெடிட், எத்தனை தேர்வு, எத்தனை கட்டுரை என்று சொல்லும் அந்த விதித்தாளை ஆறு வருடம் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தேன். இன்னும் வரிவரியாக ஞாபகம் இருக்கிறது.

என் வைவாவை, அதாவது ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வைப் பற்றி முதலில் சொல்கிறேன். புரதங்களோடு சிறு மூலக்கூறுகள் எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று கணிப்பது என் ஆய்வு. வேதியியல் தேர்வாளர் மூன்றாம் அத்தியாயத்திலேயே நின்று ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். கணினியியல் தேர்வாளர், "இதில் புதிய அல்காரிதம் எது?" என்று கேட்டார். இரண்டு பேர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் அந்த ஆறு வருடத்தில் மூன்று வருடத்தைத் தின்ற நிரல், ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இரண்டு பக்கமாகக் கிடந்தது. அதை ஒருவரும் தொடவில்லை. தொட வேண்டும் என்று உங்கள் விதியிலும் இல்லை.

பட்டம் வாங்கிச் சில மாதம் கழித்து ஆய்வகத்தின் புது மாணவி ஒருத்தி போன் செய்தாள். "அண்ணா, உங்க நாலாவது அட்டவணை எனக்கு வரவே மாட்டேங்குது." வேறொரு மென்பொருளில் அதே மூலக்கூறுகளைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறாள். இரண்டு நாள் இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் அவள் என் எண்களை அவளுடைய எண்களால் வகுத்துப் பார்த்தாள். முதல் வரியில் 4.184. இரண்டாம் வரியிலும் 4.184. கடைசி வரி வரைக்கும் அதேதான். வேதியியல் படித்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்: ஒரு கலோரிக்கு 4.184 ஜூல். என் நிரலில் கிலோஜூலில் வந்துகொண்டிருந்த எண்களை, அட்டவணையை அச்சிடும் பகுதி கிலோகலோரி என்று எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறது. எல்லா எண்ணும் ஒரே விகிதத்தில் பெருகியதால் மூலக்கூறுகளின் வரிசை மாறவில்லை, ஆய்வின் முடிவு தப்பியது. அளவுகள் தவறு. திருத்தக் கடிதம் எழுதி, ஆய்வேட்டோடு சேர்த்து வைக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

அந்த எண்ணைப் பார்த்ததும் அடையாளம் கண்டது அவள் படித்த வேதியியல். அந்தப் பிழையை முதல் நாளே பிடித்திருக்கக்கூடியது ஐந்து வரிச் சோதனை நிரல். கணினியியலில் இளநிலை மாணவர்களே எழுதிவிடுவார்கள். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்றுதானே இப்படி ஒரு படிப்பைத் தொடங்கினோம்? இரண்டையும் எனக்குத் தனித்தனியாகக் கற்றுக்கொடுத்தார்கள், தனித்தனியாகத் தேர்வும் வைத்தார்கள். இரண்டும் சேரும் இடத்தை மட்டும் யாரும் சோதிக்கவில்லை.

இது என் ஒருவனுடைய கவனக்குறைவு என்று விட்டுவிட முடியாது. தரவை ஆராயும் நிரல் ஒன்று இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிவிட்டதால், புரதங்களின் வடிவங்கள் கண்ணாடிப் பிம்பம் போல இடவலம் மாறி வந்துவிட்டன. தெரிய வந்தபோது ஒரு ஆய்வகம் ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. பிழை தெரிய வந்தது 2006-இல். 2014-இல் வெளியான ஒரு வேதியியல் நிரல், கோப்புகளை இயங்குதளம் எந்த வரிசையில் கொடுக்கிறதோ அந்த வரிசையில் எடுத்துக்கொண்டது. அந்த வரிசை கணினிக்குக் கணினி மாறும். அதனால் ஒரே தரவுக்கு விடையும் மாறியது. இது 2019-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது, கண்டுபிடித்தவரும் ஒரு ஆய்வு மாணவர். அப்புறம் மரபணுப் பெயர்கள். எக்செல் சில மரபணுப் பெயர்களைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடுகிறது என்று 2004-லேயே எழுதிவிட்டார்கள். மார்ச்1 என்ற மரபணு மார்ச் முதல் தேதி ஆகிவிடும். கடைசியில் 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. இவற்றைச் செய்தவர்கள் தங்கள் துறையில் கெட்டிக்காரர்கள். எந்தத் துறைத் தேர்விலும் இந்தக் கேள்விகள் வருவதில்லை, அவ்வளவுதான்.

சரி, விதிகளுக்கு வருகிறேன்.

இப்போதைய விதிகள் இரண்டு துறைகளின் பட்டியலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிவைத்தவை. அறிவியல் துறையின் கட்டாயப் பாடங்கள் எல்லாம் படிக்க வேண்டும், கணினியியல் துறையின் கட்டாயப் பாடங்களும் படிக்க வேண்டும். தகுதித் தேர்வு அங்கே ஒன்று, இங்கே ஒன்று. என் முதல் இரண்டரை வருடம் இதிலேயே போய்விட்டது. கம்பைலர் எழுதப் படித்தேன், கரிமத் தொகுப்பு வினைகளை உருப்போட்டேன். இரண்டையும் அதற்குப் பிறகு நான் தொடவில்லை. எண்வழிக் கணக்கீட்டில் பிழை எப்படிப் பெருகும் என்பதை மட்டும் யாரும் கட்டாயமாக்கவில்லை. அது இரண்டு துறைக்கும் "அடுத்த வீட்டுப் பாடம்".

இரண்டு தேர்வுகளையும் எடுத்துவிட்டு ஒரே கூட்டுத் தேர்வு வையுங்கள். எப்படிப்பட்ட கேள்வி கேட்கலாம் என்பதற்கு 1961-இல் வானிலை அறிஞர் எட்வர்ட் லொரென்ஸுக்கு நடந்ததைச் சொல்லலாம். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரி ஒன்றை நடுவிலிருந்து மீண்டும் ஓட்ட நினைத்து, 0.506127 என்று இருக்க வேண்டிய இடத்தில், காகிதத்தில் அச்சாகியிருந்த 0.506-ஐக் கொடுத்தார். கொஞ்ச தூரம் பழைய பாதையிலேயே போன கணிப்பு, பிறகு முற்றிலும் வேறு வானிலையைக் காட்டியது. முதலில் இயந்திரக் கோளாறு என்றுதான் சந்தேகப்பட்டார். அது கோளாறா, முறையின் குறையா, சமன்பாட்டின் இயல்பே அதுதானா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு வானிலையும் தெரிய வேண்டியிருந்தது, அந்தக் கணினி எண்களை எப்படிச் சேமிக்கிறது என்பதும் தெரிய வேண்டியிருந்தது. மாணவரிடம் அப்படி ஒரு வெளியீட்டைக் கொடுத்து, இரண்டு வாரம் நேரமும் கொடுத்து, "இதில் எது இயற்கை, எது கணினி?" என்று கேளுங்கள். பதிலை இரண்டு துறைப் பேராசிரியர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்கட்டும்.

கட்டுரை விதியையும் பாருங்கள். "ஆய்விதழில் முதல் ஆசிரியராக இரண்டு கட்டுரைகள்" என்று இருக்கிறது. கணினியியலின் பல பிரிவுகளில் கடுமையான போட்டி மாநாட்டுக் கட்டுரைகளுக்குத்தான். கோட்பாட்டுக் கணினியியலில் பெயர்களை அகர வரிசையில் போடுவது வழக்கம். அங்கே முதல் பெயருக்கு ஒரு பொருளும் இல்லை. ஒரு துறையின் பழக்கத்தை விதியாக எழுதினால் இன்னொரு துறையில் உழைத்தவர் தண்டனை அனுபவிக்கிறார். மாணவர் செய்தது என்ன என்று நெறியாளரும் மாணவரும் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கட்டும், குழு அதைப் படித்து முடிவு செய்யட்டும்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமானது ஒன்று: நிரலை ஆய்வேட்டின் ஒரு பகுதியாகச் சமர்ப்பிக்கச் சொல்லுங்கள், அதைச் சோதியுங்கள். வைவாவுக்கு ஒரு மாதம் முன்பு, ஆய்வகத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர், எதுவும் நிறுவாத ஒரு கணினியில், மாணவர் எழுதிய குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆய்வேட்டிலுள்ள ஒரே ஒரு அட்டவணை வந்தால் போதும். எந்த அட்டவணை என்பதை அவர் தேர்ந்தெடுக்கட்டும்.

பேராசிரியர்களுக்கு நேரம் ஏது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லவில்லை. 2016-இல் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்' என்ற ஆய்விதழில் மதிப்பீட்டாளர்கள் இதைத்தான் செய்கிறார்கள்: நிறுவ முடிகிறதா, குறிப்பு புரிகிறதா, சோதனைகள் இருக்கின்றனவா என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி. சூப்பர் கம்ப்யூட்டரில் மாதக்கணக்கில் ஓடும் வேலை என்றால் சிறிய அளவில் ஒரு மாதிரி தரட்டும். நோயாளிகளின் தரவு என்றால் செயற்கைத் தரவு தரட்டும்.

தரம் குறைந்துவிடும் என்ற பயம் சிலருக்கு உண்டு என்று தெரியும். பயப்பட வேண்டியதில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை 1991 முதல் நடத்தும் கணிப்பு அறிவியல் ஆய்வு உதவித்தொகையில், மாணவர் தன் அறிவியல் துறை, கணிதம், கணினியியல் மூன்றிலும் பாடம் எடுக்க வேண்டும், தேசிய ஆய்வகம் ஒன்றில் 12 வாரம் வேலையும் செய்ய வேண்டும். எந்தத் துறையின் பட்டியலையும் முழுதாகச் சுமக்கச் சொல்லவில்லை. அதை யாரும் மலிவான பயிற்சி என்று சொன்னதாக நான் கேட்டதில்லை.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்குப் பழைய விதியா புதிய விதியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுங்கள். நடுவழியில் விதி மாறினால் என்ன பாடு என்று அனுபவித்தவர்கள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள்.

அந்த மாணவி அடுத்த செமஸ்டரில் ஆய்வேடு கொடுக்கிறாள். பழைய விதிப்படிதான். ஆனாலும் அதோடு ஒரு பென் டிரைவ் வைப்பேன் என்கிறாள்: நிரல், சோதனைகள், எப்படி ஓட்டுவது என்று ஒரு பக்கக் குறிப்பு. உங்களில் யாராவது ஒருவர் அதை ஒரு கணினியில் செருகி, அவளுடைய அட்டவணை ஒன்றை வரவைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் முன்னாள் மாணவன்