தூரமும் பறக்கும் நேரமும் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே 344 கிலோமீற்றர் தூரம் என்றும், விமானத்தில் சென்றால் ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் ஆகும் என்றும் தங்கள் பத்திரிகையின் பயணப் பக்கத்தில் வெளியாகியிருந்தது. இரண்டு தகவல்களும் சரியானவையே. ஆனால் இவற்றை மட்டும் நம்பிப் புறப்படுபவர்கள், முக்கியமாகத் தனியே பயணம் செய்யும் வயோதிபர்கள், வீணாக அலைக்கழிய நேரிடுகிறது.

344 கிலோமீற்றர் என்பது நேர்கோட்டுத் தூரம். மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் அதைக் கடக்க அரை மணித்தியாலம்கூடத் தேவையில்லை. அட்டவணையில் காணும் நேரமோ, விமானம் தரிப்பிடத்தை விட்டு அசைவது முதல் அடுத்த நிலையத்தின் தரிப்பிடத்தில் வந்து நிற்பது வரையிலானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், வரிசையில் காத்து நிற்பதும், திரும்பி வரும்போது லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தை நெருங்கிய பின்னரும் இறங்க முறை வரும்வரை வானில் வட்டமிடுவதும் அதற்குள் அடங்கும். நிலையத்துக்குப் போய்ச் சேரும் நேரமும் சோதனைகளுக்கான நேரமும் அதில் அடங்கா. லண்டன் நடுவிலிருந்து ஹீத்ரோவுக்கு ஒரு மணித்தியாலம், அங்கே இரண்டு மணித்தியாலம், பாரிசின் சார்ள்ஸ் டி கோல் விமான நிலையத்தில் கடவுச்சீட்டு வரிசை, அதன்பின் நகருக்குள் அரை மணித்தியால ரயில் என்று கூட்டிப் பார்த்தால் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் போய்விடுகிறது. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் ரயில் ஏறினாலோ, ஆங்கிலக் கால்வாயின் அடியில் செல்லும் சுரங்கம் வழியாக ஏறக்குறைய இரண்டே கால் மணித்தியாலத்தில் பாரிசின் கார் டு நோர்ட் ரயில் நிலையத்தில் இறங்கலாம். இரு நாட்டுக் கடவுச்சீட்டுச் சோதனையும் ஏறுமிடத்திலேயே முடிந்துவிடும். கார் டு நோர்ட்டிலிருந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதி நடைதூரந்தான்.

இன்னொன்றும் உண்டு. பாரிஸ் கடிகாரம் லண்டனுக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. சூரியனை வைத்துப் பார்த்தால் இரு நகரங்களுக்கும் இடையே பத்து நிமிட வேறுபாடுதான். 1940இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது மாற்றப்பட்ட நேரமே பிரான்சில் இன்றும் நிலைத்திருக்கிறது. இதனால் காலை 9.10க்குப் புறப்படும் விமானம் அங்கே 11.30க்குத்தான் போய்ச் சேரும்.

சென்ற ஆண்டு லாச்சப்பல் பிள்ளையார் கோயில் தேருக்கு அப்படியொரு விமானத்தில் போன என் பெரியம்மா, பறக்கும் நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்து, பத்தரைக்கு வந்துவிடுவேன் என்று தம்பியிடம் சொல்லியிருந்தார். தம்பி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விமான நிலைய வாசலில் தவித்து நின்றார். இருவரும் கோயிலடிக்குப் போனபோது தேர் கோயில் வாசலை விட்டு வெகுதூரம் போயிருந்தது. தெருவெல்லாம் சிதறுதேங்காயும் ஈரமுமாகக் கிடந்தன. சுவாமி தேரேறும் காட்சிக்காகவே புறப்பட்ட பெரியம்மா, அதைக் காணாமல் வந்ததை இன்றும் சொல்லிக் கவலைப்படுகிறார்.

ஆகவே, இனி இத்தகைய தகவல்களை வெளியிடும்போது, புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் அந்தந்த நகரத்து மணிப்படி குறிப்பிட்டு, நிலையத்திலிருந்து நகர நடுவுக்கு ஆகும் நேரத்தையும் ரயிலில் செல்லும் வழியையும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீடுகளில் முதியவர்கள் தங்கள் பத்திரிகையைக் கத்தரித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே பயணம் புறப்படுகிறார்கள்.

இங்ஙனம்,
ஈஸ்ட்ஹாம் வாசகர் ஒருவர்,
லண்டன்.