ஹவாயில் தெருப்பூனைகளுக்கு உணவு வைப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ளவர்களுக்கு,

வணக்கம். பசித்த உயிருக்கு நாள் தவறாமல் உணவு வைக்கிற உங்கள் மனத்தை மதிக்கிறேன். அந்த மதிப்போடுதான் துறவி சீல்கள் என்ற கடல் பாலூட்டிகளுக்காக உங்களிடம் பேச வருகிறேன்.

ஹவாய்க் கடலுக்கே உரிய இந்தச் சீல்களில் இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 1,600. மக்கள் வாழும் தீவுகளின் கரைகளில் ஏறத்தாழ 400தான். டாக்சோபிளாஸ்மா என்ற ஓரணு ஒட்டுண்ணியால் 2001 முதல் பத்துக்கும் மேற்பட்டவை இறந்திருக்கின்றன. இறந்தவற்றில் பெண் சீல்களே அதிகம் என்பதுதான் எனக்குப் பெருங்கவலை. ஒரு பெண் சீல் போனால், அது ஈனவிருந்த குட்டிகளும் இல்லாமல் போகின்றன.

இந்த ஒட்டுண்ணி எத்தனையோ விலங்குகளின் உடலில் தங்கும். ஆனால் வெளியில் பரவும் அதன் முட்டைகள் உருவாவது பூனை இனத்தின் குடலில் மட்டுமே. முதன்முறை தொற்றியதும், பெரும்பாலும் குட்டிப் பருவத்தில், ஓரிரு வாரங்களுக்கு லட்சக்கணக்கான முட்டைகள் மலத்தோடு வெளியேறும். அந்த நாள்களில் பூனை நன்றாகத்தான் ஓடியாடும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. மழை அந்த மலத்தை ஓடைக்கும், ஓடை கடலுக்கும் கொண்டுபோகும். ஈர மண்ணிலும் கடல்நீரிலும் முட்டைகள் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். சீலின் உடலுக்குள் போனால் ஈரல், நுரையீரல், இதயம், மூளை என எங்கும் பரவும். சோர்ந்து கரையில் கிடப்பதை யாரேனும் பார்க்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். தடுப்பூசியும் கிடையாது. ஹவாய்க்கே உரிய நேனே என்ற காட்டு வாத்துகளும் இதே ஒட்டுண்ணியால் சாகின்றன.

கருத்தடை செய்துதானே விடுகிறோம் என்பீர்கள். கருத்தடை குட்டி போடுவதைத் தடுக்கும். மலத்தில் முட்டை வெளியேறுவதைத் தடுக்காது. அந்தப் பூனை மறுபடியும் அதே ஓடைக்கரையில்தான் திரியப்போகிறது.

பூனைகள்மேல் எனக்குக் கோபமில்லை. கப்பலில் கொண்டுவந்து இறக்கியவர்கள் மனிதர்கள். அவற்றைக் கொல்லச் சொல்லவும் நான் வரவில்லை. லானாய்த் தீவில் வெளியில் திரிந்த பூனைகளைப் பிடித்து, வேலியிட்ட காப்பகத்தில் நூற்றுக்கணக்கில் வைத்துப் பராமரிக்கிறார்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஒன்று அமைய உள்ளாட்சி நிர்வாகத்திடம் இடம் கேளுங்கள். பூனைகளை நன்கறிந்த உங்கள் குரலுக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. பழகிய பூனைகளுக்கு வீடு தேடிக் கொடுங்கள், வீட்டுக்குள்ளேயே வளர்க்கச் சொல்லுங்கள். கடற்கரையிலும் ஓடையோரத்திலும் உணவு வைப்பதை மட்டும் அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் நிறுத்திவிடுங்கள்.

அன்புடன்,
கடலுயிர்களை நேசிக்கும் ஒருவர்