துனிசியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கு: அடுத்த பயிற்சியாளருக்காவது முழுத் தவணை கொடுங்கள்

மதிப்புக்குரிய சம்மேளனத்தாருக்கு,

வணக்கம். இந்த மடல் உங்களுக்குப் புரியாத மொழியில் இருக்கிறது. பரவாயில்லை, புரிகிற மொழியில் உங்கள் ஊர்க்காரர்கள் எழுதியதற்கே நீங்கள் பதில் சொன்ன மாதிரி தெரியவில்லை.

2026 ஜனவரி 3 இரவு ஆப்பிரிக்கக் கோப்பையின் இரண்டாவது சுற்றில், காசாபிளாங்காவில் நீங்கள் மாலியுடன் ஆடியதை எங்கள் ஊர் நேரப்படி விடிகாலை மூன்று மணி தாண்டியும் விழித்திருந்து பார்த்தேன். 26ஆவது நிமிடத்திலேயே மாலிக்கு ஓர் ஆள் குறைந்துவிட்டது. 88ஆவது நிமிடத்தில் உங்கள் ஷாவாத் கோல் போட்டார். தூங்கப் போகலாம் என்று எழுந்தேன். காயநேரத்தில் ஒரு பெனால்டி, சமம். அப்புறம் கூடுதல் நேரம், ஷூட்அவுட், 3-2 என்று தோல்வி. பத்துப் பேருக்கு எதிராக ஒன்றரை மணி நேரம் ஆடி ஒரே ஒரு கோல் என்பதை நானும் மன்னிக்கவில்லை. தான்சானியாவுடன் சமன் செய்ததையும் மறக்கவில்லை. ஆனால் மறுநாளே பயிற்சியாளர் சாமி திராபெல்சிக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் விடை கொடுத்துவிட்டீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

திராபெல்சி யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ஃபாக்ஸ் கிளப்பின் தடுப்பாட்டக்காரர். 2011இல் சூடானில் உள்ளூர் வீரர்களுக்கான ஆப்பிரிக்கப் போட்டியை வென்று கொடுத்தவர். 2012 ஆப்பிரிக்கக் கோப்பையில் காலிறுதி வரை கொண்டுபோனவர். 2013இல் முதல் சுற்றோடு வெளியேறியதும் முதல் தடவை போனார். 2025 பிப்ரவரியில் திரும்பக் கூப்பிட்டீர்கள், வந்தார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அவர் பொறுப்பில் ஆறு ஆட்டங்கள், ஆறும் வெற்றி. பத்து ஆட்டங்களிலும் சேர்த்து உங்கள் வலைக்குள் ஒரு பந்துகூடப் போகவில்லை. முதல் நான்கு ஆட்டங்களின் பெருமை அவருக்கு முன்னால் இருந்தவர்களுக்கு உரியது, ஒப்புக்கொள்கிறேன். நவம்பரில் பிரேசிலோடு 1-1. இதெல்லாம் ஒரு ஷூட்அவுட்டோடு கணக்கில் வராமல் போய்விட்டது.

1998 நினைவிருக்கிறதா? பிரான்சில் இங்கிலாந்திடமும் கொலம்பியாவிடமும் தோற்றதும், மூன்றாவது ஆட்டம் பாக்கியிருக்கும்போதே பயிற்சியாளர் காஸ்பெர்சாக்கை அனுப்பினீர்கள். இருபது வருடங்களுக்குப் பிறகு உங்களை உலகக் கோப்பைக்கு அழைத்து வந்தவர் அவர். கொலம்பியா ஆட்டம் ஜூன் 22, ருமேனியா ஆட்டம் ஜூன் 26. இடையில் அலி செல்மியிடம் அணியைக் கொடுத்தீர்கள். அந்த அணியில் ஒரு வீரராக உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தவர் திராபெல்சி. அன்று பயிற்சியாளருக்கு நடந்தது இன்று அவருக்கே நடந்திருக்கிறது.

வருகிறவரின் பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தேசிய அணிப் பயிற்சியாளர் என்பவர் தினமும் மைதானத்தில் நிற்பவர் அல்ல. வீரர்கள் பிரான்சிலும் ஜெர்மனியிலும் அவரவர் கிளப்பில் இருப்பார்கள். உலகக் கோப்பைக்கு முன்னால் மார்ச்சில் ஒரு பத்து நாள் கையில் கிடைப்பார்கள். அதில் பாதி விமானத்திலும் வைத்தியர் அறையிலும் போய்விடும். மீதியில் இரண்டு நட்பு ஆட்டம். யார் யாரோடு பேசமாட்டார், எந்தத் தடுப்பாட்டக்காரர் இடது பக்கம் திரும்பத் தடுமாறுவார், கோல்கீப்பர் கத்தினால் யாருக்குக் காதில் விழும், இதெல்லாம் காலைச் சாப்பாட்டு மேசையில்தான் தெரிய வரும். அதைத் தெரிந்துகொண்டு முடிப்பதற்குள் ஜூன் வந்துவிடும். எதிரே நெதர்லாந்தும் ஜப்பானும். இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்த மனிதர் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பார்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: அடுத்தவருக்காவது முழுத் தவணை கொடுங்கள். இந்த உலகக் கோப்பையும் அதற்கடுத்த ஆப்பிரிக்கக் கோப்பையும் முடியும்வரை அவரைத் தொடாதீர்கள்.

பக்கத்து மொராக்கோவில் ரெக்ராகி பயிற்சியாளராக வந்து மூன்று மாதத்தில் 2022 உலகக் கோப்பை அரையிறுதிக்குப் போனாரே என்பீர்கள். போனார். ஆனால் 2024 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவிடம் தோற்று இரண்டாவது சுற்றோடு வெளியே வந்தபோது மொராக்கோ அவரை அனுப்பவில்லை. அந்தப் பாதிக் கதையை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

உங்கள் வீட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. ரோஜே லெமேர் 2002இல் வந்தார், 2008 வரை இருந்தார். 2004இல் உங்களுடைய ஒரே ஆப்பிரிக்கக் கோப்பை அவர் காலத்தில்தான் கிடைத்தது. 2006 காலிறுதியில் நைஜீரியாவிடம் அவரும் ஷூட்அவுட்டில்தான் தோற்றார். அதே வருடம் உலகக் கோப்பையிலும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. அன்று உங்களுக்குப் பொறுமை இருந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். லெமேர் பிரான்சிலிருந்து வந்த மாமியார் போல.

உள்ளூர் மாடு விலை போகாது என்பது எங்கள் பக்கத்துச் சொலவடை. உங்கள் ஊரில் அது வாங்கும்போது விலை போகிறது, விற்கும்போதுதான் அவசரம். 2018இல் பௌஸி பென்சார்த்தி மூன்று ஆட்டங்களில் மூன்றையும் வென்று ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதி பெற்றுக் கொடுத்தார், அக்டோபரிலேயே அனுப்பினீர்கள். தோற்றால் அனுப்புவது புரிகிறது, வென்றாலுமா? 2024இல் அவரையே திரும்ப அழைத்தீர்கள், அதுவும் அக்டோபரைத் தாண்டவில்லை. 2024 ஜனவரியில் பயிற்சியாளர் காத்ரி போனதிலிருந்து எண்ணினால், தற்காலிகமாக வந்தவர்களையும் சேர்த்து, திராபெல்சி நான்காவது ஆள். உங்கள் அலுவலகத்தில் நன்றி கூறி வழியனுப்பும் அறிக்கை ஒன்று எப்போதும் தயாராக இருக்கும் என்று நினைக்கிறேன். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருப்பீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திராபெல்சியைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கேட்கவில்லை. அவரே மூன்றாவது தடவை வருவாரா என்பது சந்தேகம். வருகிறவர் துனிசியரோ வெளியாரோ, ஒரு ஷூட்அவுட்டில் தோற்றாலும் மறுநாள் காலை வேலைக்கு வரலாம் என்ற நம்பிக்கையை அவருக்கு எழுத்தில் கொடுங்கள். தயவுசெய்து முழுத் தவணை.

அதுவரை அந்த வழியனுப்பும் அறிக்கையை எங்காவது பூட்டி வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
கார்த்தேஜ் கழுகுகளின் (உங்கள் அணியின்) தூக்கம் கெட்ட ரசிகன்