டேட்டாபேஸில் கை வைக்கும் முன்

வணக்கம். சிபேனல் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பலகை) வழியாகத் தங்கள் தளத்தின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பினர்கள் கவனத்துக்கு.

டேட்டாபேஸ் இணைப்புப் பிழை வந்தால் முதலில் அனுமதியைப் பாருங்கள். டேட்டாபேஸையும் பயனரையும் உருவாக்கிவிட்டு, அந்தப் பயனரை அந்த டேட்டாபேஸில் சேர்க்க மறந்துவிடுகிறோம். அது தனி வேலை, தானாக நடக்காது. அப்புறம் பெயர். 'கடை' என்று நீங்கள் வைத்தாலும், முன்னால் உங்கள் கணக்கின் பெயரும் ஓர் அடிக்கோடும் பொதுவாக ஒட்டிக்கொள்ளும். தளத்தின் கான்ஃபிக் ஃபைலில் (டேட்டாபேஸ் இணைப்பு விவரங்கள் இருக்கும் கோப்பு) அந்த முழுப் பெயரைத்தான் கொடுக்க வேண்டும்.

பிஎச்பிமைஅட்மினில் (டேட்டாபேஸை பிரவுசரிலேயே திறந்து திருத்தும் கருவி) எதையும் மாற்றும் முன் தயவுசெய்து எக்ஸ்போர்ட், அதாவது டேட்டாபேஸின் நகல், எடுத்து உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள். 'எம்ப்டி' கொடுத்தால் டேபிளில் உள்ளதெல்லாம் காலி. 'ட்ராப்' கொடுத்தால் டேபிளே போய்விடும். இரண்டுக்கும் அன்டூ கிடையாது. பேக்கப்பை அதே சர்வரில் மட்டும் வைப்பது போதாது, சர்வர் போனால் அதுவும் சேர்ந்து போகும்.

புது டேட்டாபேஸ் என்றால் எழுத்துக் குறியாக்கமாக யுடிஎஃப்8எம்பி4 தேர்ந்தெடுங்கள். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பழைய யுடிஎஃப்8 ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு அது போதும், 4 பைட் கேட்கும் எமோஜிக்குப் போதாது.

சந்தேகம் இருந்தால் பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மறைத்துவிடுங்கள்.